ஆளுக்கு ஒரு வாய்

வேம்பூரணியில் நீங்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பாதிக் குடும்பம்தான் வந்து திறக்கும். மீதிப் பாதி துபாயிலோ மஸ்கட்டிலோ கோலாலம்பூரிலோ யாருக்காவது கார் ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ இருக்கும். அதனால் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'வீட்டில் எல்லாரும் சௌக்கியமா' என்று கேட்கிற பழக்கமே இல்லை, 'இருக்கிறவங்க சௌக்கியமா' என்றுதான் கேட்பார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற சேதுராசுவின் வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டே பேர், அவனும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற அவன் மகள் மகிஷாவும். இல்லாதவள் ஒருத்தி, அவன் மனைவி முனீஸ்வரி, குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாள்.

விமானம் ஏறப் போகும்போது முனீஸ்வரி அழவும் இல்லை, புத்திமதி சொல்லவும் இல்லை. "பிள்ளை சோத்துக்கு அடம் பிடிக்கும், பேர் சொல்லி ஊட்டுங்க, அப்பத்தான் இறங்கும்" என்று மட்டும் சொன்னாள். பேர் சொல்லி ஊட்டுவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதானே, இது அத்தைக்கு ஒரு வாய், இது மாமாவுக்கு ஒரு வாய், இது நிலாவுக்கு ஒரு வாய் என்று பிள்ளையை ஏமாற்றிக் கிண்ணத்தைக் காலி பண்ணுகிற வித்தை. பாவம், சேதுராசுவுக்கு அதற்கும் ஆள் பற்றாக்குறை. அக்கா தங்கை கிடையாது, மச்சான்காரனோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆக, முதல் வாயும் அம்மாவுக்கு, நடு வாயும் அம்மாவுக்கு, கிண்ணத்தை வழித்த கடைசி வாயும் அம்மாவுக்கு என்றே அவன் ஊட்டினான், பிள்ளையும் அம்மாவுக்கு என்றால் மறுக்காமல் வாயைத் திறந்தது.

இப்படியே ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தது.

"என்னங்க, இன்னைக்கு முருங்கைக்காய்ச் சாம்பாரா?"

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?"

"உப்பு தூக்கலா இருந்துச்சு" என்றாள் முனீஸ்வரி. காலையிலிருந்து ஒரு தேத்தண்ணியும் காய்ந்த ரொட்டியும்தான் கொடுத்தார்கள், சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வாயெல்லாம் சாம்பார் மணத்தது, வயிறு திம்மென்று நிறைந்தது, ஏப்பம்கூட வந்தது, வீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்தாள் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

இதற்கு யாராவது ஆச்சரியப்பட்டார்களா என்றால், இல்லை. அடுத்த வீட்டுச் செய்யதம்மாளிடம் சேதுராசு சொன்னபோது அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இத்துனூண்டு போன்ல மூஞ்சியே வருது தம்பி, சாம்பார் வராதா?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் சேதுராசுவின் வாழ்க்கை அன்றோடு மாறிப்போனது. அதுவரைக்கும் அவர்கள் போனில் பேசியது என்ன? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பிள்ளை, தூங்கிருச்சு, சரி வைக்கவா. அவ்வளவுதான், அவன் போனை வைத்துவிட்டுக் கழற்றிப்போட்ட மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்போதோ பேச்சு நீண்டது. புளி பழசா, கடுகு தீய்ந்துவிட்டதா, வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் வதக்கக் கூடாதா என்று அவள் சண்டைக்கு வந்தாள், அவனும் விடாமல் மல்லுக்கு நின்றான். மறுநாள் அவளை மடக்க வேண்டும் என்றே கருவேப்பிலைக் குழம்பு வைத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தாளிக்கும்போது அடுப்படியில் யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வைத்தவர்கள் இந்த ஊருக்கு வந்து பார்த்ததில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை, செய்யதம்மாள் ஒரு கிண்ணத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தோடு வந்து நின்றாள். "ஷார்ஜால என் மகன் நைனா இருக்கான்ல, அவனுக்கு இதுன்னா உசுரு. பிள்ளைகிட்ட ஒரே ஒரு வாய் அவன் பேரைச் சொல்லிச் சாப்பிடச் சொல்லு தம்பி." மகிஷா சாப்பிட்டாள். ஐந்து நிமிஷத்தில் நைனா போன் போட்டு, "உம்மா" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் அழுதான், செய்யதம்மாளும் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதைத் தெருவே பார்த்தது.

பிறகு கேட்கவா வேண்டும்! பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு சேதுராசுவின் கடை வாசலில் தூக்குச் சட்டியும் டிபன் பாக்ஸுமாகச் சனம் கூடியது. அதிரசம் வந்தது, சீனிச்சேவு வந்தது, தொதல் வந்தது, நெய் ஒழுகுகிற லட்டு வந்தது, கருப்பட்டிப் பணியாரம் வந்தது. தூரத்தில் இருக்கிற ஆளுக்கு யாராவது பாகற்காயா கொடுப்பார்கள், எல்லாம் இனிப்புதான். ஆமாம், கொடுக்கவும் ஒருத்தி வந்தாள். புருசன் ரெண்டு மாசமாய்ப் பேசவில்லை என்று ஆத்திரத்தில் பாகற்காயை வேகவைத்துக் கொண்டுவந்து, "அந்த மனுசனுக்கு ஒரு வாய்" என்றாள், மகிஷா வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பேரை மட்டும் சொன்னால் போதாது, ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மஸ்கட் முருகானந்தத்துக்குப் போக வேண்டிய கொழுக்கட்டை, பொண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு சிவகாசியில் கிடந்த வேறொரு முருகானந்தத்துக்குப் போய், அந்த ஆள் பொண்டாட்டிதான் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த பேருந்திலேயே வீட்டுக்கு வந்து நின்றான். "தப்பா வந்தாலும் வந்துட்டேன், இருந்துட்டுப் போறேன்" என்றானாம்.

கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் பெரியகருப்பன் வந்தார். அவர் மகன் மலேசியாவில் கெடா பக்கம் வேலைக்குப் போய்ச் செத்து வெகு காலமாகிவிட்டது, உடல்கூட வரவில்லை. எதுவும் விளக்காமல் ஒரு சேவுப் பொட்டலத்தை நீட்டி, "கெடா செல்லமுத்துவுக்கு ஒரு வாய், தாயி" என்றார். மகிஷா மென்றாள், விழுங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "போகலை தாத்தா, இங்கேயே இருக்கு" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மீதிச் சேவை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வார்த்தையை சேதுராசு அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். செத்தவனுக்குப் போட்ட வாய் பிள்ளையின் வயிற்றில் தங்கியது என்றால், இருப்பவர்களுக்குப் போட்ட வாயெல்லாம் அவள் வயிற்றில் தங்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதுதான் நடந்துகொண்டிருந்தது. ருசியும் நிறைவும் கடல் தாண்டிப் போயின, சீனியும் நெய்யும் இங்கேயே தங்கின. பிள்ளைக்கு எப்போதும் பசித்தது. நாலு லட்டுக்கு அப்புறமும் பசித்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறமும் பசித்தது, "இன்னும்ப்பா" என்று தட்டை நீட்டினாள், அவனும் போட்டான். 'போதும்' என்ற சொல்லை அவள் மறந்தே போயிருந்தாள். தீபாவளிக்கு எடுத்த பாவாடை பொங்கலுக்குப் பற்றவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஊரே அவளைத் தேடி வந்தது, ஆனால் அவளை விளையாடக் கூப்பிட ஒரு பிள்ளை வரவில்லை. கொண்டுவந்த பாத்திரம் காலியானதும் எல்லாரும் போய்விடுவார்கள், அவள் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் தனியாக உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் நொண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் யாராவது கொடுத்த மிட்டாய் இருக்கும்.

இதையெல்லாம் சேதுராசு பார்க்காமல் இல்லை. பார்த்தான், பார்த்துவிட்டுக் குழம்பைத் தாளித்தான். முனீசு காத்திருப்பாளே, இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாளோ என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளை படியில் மயங்கி விழுந்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார். "இந்த வயசுல சர்க்கரை இவ்வளவு ஏறக் கூடாதுங்க. இப்ப நிறுத்தினா சரியாகிரும், விட்டா வாழ்நாள் பூரா ஊசிதான். சின்னத் தட்டு வாங்குங்க, அதுல பாதி காய்கறி வைங்க. இனிப்பு நல்ல நாள் பெரிய நாள்ல ஒண்ணு."

"பசிக்குதுன்னு அழுகுது டாக்டர்."

"அழ விடுங்கன்னு நான் சொல்லலை. ஏன் பசிக்குதுன்னு பாருங்க."

ஏன் பசிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், ஓவென்று அழுதான். நிறுத்தினால் முனீசு பட்டினி. நிறுத்தாவிட்டால் பிள்ளை. இதில் வெளியில் சொல்ல வெட்கப்பட்ட மூன்றாவது ஒன்றும் இருந்தது, நிறுத்தினால் அவனுக்குப் பேச ஆள் இல்லை.

மறுநாள் கடை வாசலில் நின்று எல்லாரையும் திருப்பி அனுப்பினான். "ஒரே ஒரு வாய்தானே தம்பி, ஒரு வாய்ல என்ன ஆகிரப்போகுது?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். எல்லாரும் கொண்டுவந்தது ஒரே ஒரு வாய்தான், அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தர் மட்டும், "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுதான், நியாயம், அதான் நான் லட்டையே சின்னதாப் பிடிச்சுட்டு வந்திருக்கேன்" என்றார். சேதுராசு அவருக்கு நேராகவே கதவைச் சாத்தினான். செய்யதம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சின்னத் தட்டு வாங்கினான். சீனி டப்பாவைக் கடை அலமாரியில் வைத்துப் பூட்டினான். யார் பேரும் சொல்லாமல் அவரைக்காய்ப் பொரியலையும் சோற்றையும் வைத்து, "நீயே எடுத்துச் சாப்பிடு கண்ணு" என்றான். ஆனாலும் பிள்ளை தட்டை வழித்துவிட்டு, "இன்னும்" என்று நின்றாள். அந்நேரம் போன் அடித்தது.

"என்னங்க, அவரைக்காயா? தேங்காய் போடலையா?"

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். "நான்தான் பேர் சொல்லவே இல்லையே, தாயி."

"மனசுக்குள்ள சொன்னேன்" என்றாள் மகிஷா.

"எதுக்கு?"

"நான் போடலைன்னா அம்மாவுக்கு அங்க யாருப்பா போடுவா?"

அலமாரியைப் பூட்டலாம், மனசை எந்தப் பூட்டால் பூட்டுவது? அவன் போனில் எல்லாவற்றையும் சொன்னான், மயக்கம், ரத்தம், டாக்டரம்மா, ஊசி, எல்லாம். பிறகு, "பிள்ளைகிட்டக் குடுங்க" என்றாள் முனீஸ்வரி.

"பாப்பா, இனிமே அம்மாவுக்குப் போடாத. இங்க நல்லாப் போடுறாங்க. கோழி, பிரியாணி, எல்லாம்."

"பொய் சொல்லாதம்மா."

"சத்தியமா."

"நான் சாப்பிடுறதுக்கு முன்னாடி நீ பேசினா உன் குரல் சின்னதா இருக்கும். சாப்பிட்டப்புறம்தான் பெரிசாகும். எனக்குத் தெரியும்."

முனீஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் சின்னத் தட்டில் ஒரு தோசையும் கொஞ்சம் கீரையும் வைத்தான். மகிஷா பிய்த்துத் தின்றாள், பாதி தின்றாள், சட்டென்று கை நின்றது. வாயைச் சப்புக்கொட்டினாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, வாயில காஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு."

"என்ன?"

"காஞ்ச ரொட்டியும் தேத்தண்ணியும்" என்றாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். "போதும்ப்பா."

இந்த ஒரு சொல்லுக்கு அவன் எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருந்தான்! வந்துவிட்டது, ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு, கிடைத்த அந்த ஒரு ரொட்டியை அந்த ஊர் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, 'இது பாப்பாவுக்கு ஒரு வாய், இது பாப்பாவுக்கு ஒரு வாய்' என்று முனீசு தின்றிருக்கிறாள். பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டது, அவள் வெறும் வயிற்றோடு எழுந்து பாத்திரம் கழுவப் போயிருப்பாள். மகிஷா அதற்குள் வாயைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள், வெளியே நொண்டி ஆடுகிற சத்தம் கேட்டது.

சேதுராசு அந்தப் பாதித் தோசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முனீசு என்ன பச்சைப் பிள்ளையா? கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள். அவள் பேர் சொல்லித் தின்றது இங்கே வந்து சேர்கிறதென்றால், இது மகிஷாவுக்கு வாய்த்த வரம் ஒன்றும் இல்லை. பேர் சொல்லி ஊட்டுவது பிள்ளைகளுக்குத்தான் என்று பழகிப்போனதால், இத்தனை பெரிய ஊரில் ஒரு பெரிய ஆள்கூடத் தன் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. தன் மகனுக்கு ஒரு வாய் தானே தின்றால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருடைய பிரிவையும் ஒரு பிள்ளையின் வயிற்றில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறோம். நானும்தான், நான்தான் முதல் ஆள் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

தோசையைப் பிய்த்துக் கையில் எடுத்தான். வெட்கமாக இருந்தது, தனியாகத்தான் இருந்தான், இருந்தாலும் வெட்கமாக இருந்தது. "குவைத்து முனீசுக்கு ஒரு வாய்" என்று சொல்லிப் போட்டுக்கொண்டான். பாதித் தோசையையும் அப்படியே தின்றான். இன்னும் இரண்டு வார்த்துத் தின்றான். வயிறு காய்ந்த ஊரணியாகவே கிடந்தது, ஒரு பருக்கை விழுந்த மாதிரிகூட இல்லை. அவ்வளவு பசியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

போன் அடித்தது. எடுத்த எடுப்பில் முனீஸ்வரி கத்தினாள். "பிள்ளையை விடுங்கன்னு சொன்னேன்ல? மறுபடியும் அதுக்கு ஊட்டி விட்டீங்களா? நீங்கெல்லாம் ஒரு தகப்பனா?"

"பிள்ளை அப்பவே போதும்னு எந்திரிச்சிருச்சு, முனீசு. இது நான்."

முனீஸ்வரி குரலைத் தணித்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் அப்புறம்.

"ம், சாப்பிட்டேன்."

இரண்டு பேருக்குமே அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்று தெரிந்தது.

சேதுராசு மறுநாள் செய்யதம்மாளிடம் போய்ச் சொன்னான். "நமக்கெல்லாம் யாரு தம்பி பேர் சொல்லி ஊட்டுவா?" என்று அவள் முதலில் சிரித்தாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தன் கஞ்சியை நைனா பேரைச் சொல்லிக் குடித்தாள், ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. ஊர் பூராவும் செய்தி பரவியது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், தன் வயிறு காயும் என்று தெரிந்ததும் சிலருக்குப் பாசம் ஒரே நாளில் வற்றிவிட்டது, அந்தச் சின்ன லட்டுக்காரர் அதில் முதல் ஆள். சிலர் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார்கள். பாகற்காய்க்காரி அரை வாய் பாகற்காயைத் தானே தின்றுவிட்டு, மனசு கேட்காமல் மேலே ஒரு வாய் பாயசமும் குடித்தாள். பெரியகருப்பன் தினமும் மகன் பேரைச் சொல்லி ஒரு கை சேவு தின்றார், அது எங்கும் போவதில்லை என்று அவருக்குத் தெரியும், "எனக்குள்ளயே இருக்கட்டும்" என்பார். மற்றபடி வேம்பூரணியில் பெரியவர்கள் எல்லாரும் ஒரு வேளை பசியோடு படுக்கப் பழகிக்கொண்டார்கள், பிள்ளைகள் தங்கள் வாயைத் தங்களுக்கே தின்றார்கள்.

மகிஷாவுக்கு அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது டாக்டரம்மா நல்ல வார்த்தை சொன்னார். பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்தில் பசித்தது, நிறைகிற நேரத்தில் நிறைந்தது. யாராவது பழக்கதோஷத்தில் அதிரசத்தை நீட்டினால், "பெரிய நாள்ல ஒண்ணு" என்று டாக்டரம்மா மாதிரியே விரலைக் காட்டிவிட்டு ஓடினாள். சாயங்காலத்தில் தொட்டிச் சுவர் காலியாகக் கிடந்தது. அவள் சாப்பிட்டு எழுந்து விளையாடப் போன பிறகு வீடு அமைதியாகிவிடும், சேதுராசு தன் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான். அவன் உள்ளூரில் இருப்பவன், இருக்கிறவன் பேரை எவன் சொல்லப்போகிறான், இத்தனை நடந்த ஊரிலும் அவன் பேரைச் சொல்லி யாரும் ஒரு வாய் தின்றதில்லை. அதை அவன் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

ஒருநாள் அப்படித்தான் ரசஞ்சோற்றை முனீசு பேரைச் சொல்லித் தின்றுவிட்டு, வயிறு காய, தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. நாக்கில் காய்ந்த ரொட்டி. அதன் மேல் சீனி கம்மியாய் ஒரு தேத்தண்ணி. வயிறு மெல்ல மெல்ல, அடியிலிருந்து, நிறைந்துகொண்டு வந்தது. அவன் குழாயைக்கூட மூடாமல் போய்ப் போனை எடுத்தான்.

"முனீசு, உனக்கு அறிவிருக்கா? என் பேரை எதுக்குச் சொன்ன?"

"நீங்க மட்டும்?" என்றாள் அவள், வாய் நிறைய ரசத்தின் ஏப்பத்தோடு. "பெருங்காயம் இன்னைக்கும் தூக்கல்."

"நாளைக்குக் குறைச்சுப் போடுறேன்" என்றான் அவன். அவன் குரல் பெரிதாக இருந்தது.